கோடைக்கு முன் நீரேற்று மோட்டார்களில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி:
வேலூருக்கு அருகே, பாலாற்றங்கரை நீரேற்று நிலையம் ஒன்றில் மோட்டார் இயக்குகிறேன். சென்ற பங்குனியில், தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் இறுகி மோட்டார் நின்றுவிட, இரண்டு நாள் தெருக்களுக்குத் தண்ணீர் விட முடியவில்லை. காலிக் குடங்களோடு நின்றவர்களை மறக்க முடியவில்லை. இம்முறை முன்கூட்டியே எவற்றைப் பார்க்க வேண்டும், ஐயா?

பதில் 1:
முதலில் கிளாண்டை, அதாவது பம்பிலிருந்து தண்டு வெளிவரும் இடத்தில் கயிறு வைத்து அடைத்திருக்கும் பகுதியைப் பாருங்கள், தம்பி. அதில் தண்ணீர் சொட்டுவதையே பழுதென்று எண்ணிப் பலர் நட்டை இறுக்கிவிடுகிறார்கள். பேக்கிங் கயிற்றையும் தண்டையும் குளிர்விப்பதே அந்தச் சொட்டுதான் என்பதால், நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு வரை விழ வேண்டும். சொட்டே இல்லாமல் இறுக்கினால் கயிறு கருகி, தண்டின் மேலுறையான ஸ்லீவில் கோடு விழும். கிரீஸையும் அளவோடு வையுங்கள். திணித்தாலும் பேரிங் சூடேறும்.

பதில் 2:
மின்பகுதியையும் விடாதீர்கள். மின்னிணைப்பைத் துண்டித்தபின், மாதந்தோறும் மெக்கர் என்னும் கருவியில் காப்புத்தடையை (மோட்டார் சுற்றின் காப்பு மின்கசிவைத் தடுக்கும் அளவை) அளந்து பதிவேட்டில் எழுதுங்கள். ஒரு மாத அளவைக் காட்டிலும், அது மாதத்துக்கு மாதம் இறங்குகிறதா என்பதே முக்கியம். 415 வோல்ட் மோட்டாரில் 1 மெகாஓமுக்குக் கீழே போனால் ஓட்டவே கூடாது.

பதில் 3:
மாற்று பம்பை வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். எங்கள் நிலையத்தில் அவசரத்துக்குத் திறக்கப்போன மாற்று பம்பின் ஸ்லூயிஸ் வால்வு (குழாயில் நீரைத் திறந்து மூடும் அடைப்பு), பல மாதம் மூடியே கிடந்ததால் துருவேறி அசையவில்லை.