உங்க கோர்ஸ் பிடிச்சிருக்கா, வேலை எவ்வளவு? படிக்கிறவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பி.எஸ்சி. வேளாண்மை, நான்காம் ஆண்டு

சித்தி பொண்ணு இந்த வருஷம் பிளஸ் டூ. நேத்து போன்ல கேட்டா: "அக்கா, உன் கோர்ஸ் ஈஸியா கஷ்டமா, ஒரே வார்த்தையில சொல்லு." எனக்கு ஒரே வார்த்தை வரல. அதனால பட்டதையும் ரசிச்சதையும் இங்க எழுதிடறேன். வேற வேற படிப்புல இருக்கிறவங்களும் எழுதினீங்கன்னா மொத்தமா அவகிட்ட காட்டலாம்.

நான் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். 7.5 சதவீத உள் ஒதுக்கீடு முதல்ல மருத்துவத்துக்குத்தான் இருந்தது. 2021-ல அதைப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம்னு விரிச்சாங்க. அதுல கிடைச்ச சீட் எனக்கு. வீட்ல ஒன்றரை ஏக்கர் மானாவாரி. "காட்டு வேலையில இருந்து தப்பிக்கணும்னுதான உன்னைப் படிக்க வெச்சேன், திரும்பவும் காட்டுக்கே போறியா"ன்னு அம்மா அழுதாங்க. கவுன்சிலிங் முடிஞ்சு பஸ்ல வர்ற வழியெல்லாம் என் கையைப் பிடிச்சுட்டே வந்தாங்க.

முதல் ரெண்டு வருஷம் உண்மையிலேயே மூச்சு முட்டும். காலையில 7 மணிக்கு வயல்ல நிக்கணும். அப்புறம் ஓடிவந்து குளிச்சு வகுப்பு, மதியம் லேப், ராத்திரி ரெக்கார்டு. மண்ணியல், பூச்சியியல், நோயியல், உழவியல், தோட்டக்கலை, பொருளாதாரம்னு ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம், எல்லாத்துக்கும் தனித்தனி ரெக்கார்டு. எல்லாம் இங்கிலீஷ். அதுக்கு மேல லத்தீன் பேர். நெல்லைத் தாக்குற புகையான் பூச்சிக்கு "நிலபர்வதா லூகன்ஸ்"னு முதல் தடவை கேட்டப்ப நிலம், பர்வதம்னு நம்ம சொல் மாதிரியே இருந்ததால அது மட்டும் சட்டுனு ஒட்டிக்கிச்சு. குருத்துப்பூச்சியோட "ஸ்கிர்போபேகா இன்செர்டுலாஸ்" இருக்கே, அதை ஹாஸ்டல் பாத்ரூம் கதவுல ஒட்டி வெச்சுப் படிச்சேன். முதல் மிட் செமஸ்டர்ல ரெண்டு பாடத்துல பாஸ் மார்க்கைத் தொடவே இல்ல.

பூச்சிப் பெட்டி ஒண்ணு செய்யணும். ஆளுக்கு 50 பூச்சி. வலையைத் தூக்கிட்டு ஞாயித்துக்கிழமை எல்லாம் சுத்துவோம். பிடிச்சதை அப்படியே குத்தி வெச்சிட முடியாது. வண்டுன்னா வலது பக்க முன்னிறகுல ஊசி இறங்கணும், வண்ணத்துப்பூச்சின்னா மார்புக்கு நடுவுல இறக்கி, இறகை விரிப்புப் பலகையில காகிதப் பட்டை வெச்சு நிறுத்தணும். காய்ஞ்சுபோன பூச்சியைத் தொட்டா கால் உடையும், உணர்கொம்பு உடையும். அந்துருண்டை வாசனையோட ஒரு மாசம் தூங்கியிருக்கோம். அப்ப அதைத் திட்டாத நாள் இல்ல.

எனக்கு இந்தப் படிப்பு பிடிச்சது பயிர் சாகுபடி செய்முறையிலதான். ஆளுக்கொரு பாத்தி கொடுத்தாங்க. கோ 51 நெல் ரகம், விதைச்சதுல இருந்து 105, 110 நாள்ல அறுப்பு. நாத்து விட்டு, நட்டு, களை எடுத்து, இலை வண்ண அட்டையை இலை மேல வெச்சுப் பார்த்து யூரியா போட்டு எல்லாம் நம்ம கையாலதான். கதிர் வர்ற சமயத்துல என் பாத்தியில அஞ்சாறு கதிர் மட்டும் வெள்ளையா, நிமிர்ந்து நின்னுச்சு. பாலேறினா கதிர் தலை சாயணும், இது சாயல. ஒண்ணைப் பிடிச்சு இழுத்தேன். ஒரு வலுவும் இல்லாம உருவிட்டு வந்துடுச்சு. அடித்தண்டைக் கிழிச்சா உள்ள மஞ்சளும் வெள்ளையுமா ஒரு புழு, தலை மட்டும் பழுப்பு. பாத்ரூம் கதவுல இருந்த அந்தப் பேரு என் கையில நெளிஞ்சுட்டு இருந்தது. அன்னைக்கு ராத்திரி குருத்துப்பூச்சி பத்தி இருந்த அத்தனை பக்கத்தையும் யாரும் சொல்லாம நானா உக்காந்து படிச்சேன்.

அறுத்தப்புறம் ஆயிரம் மணி எடை பார்க்கணும். ஆயிரம் நெல்லை எண்ணணும், ஒரு தடவை இல்ல, பல தடவை. பக்கத்துல இருந்த பையன் பேச்சுக் கொடுத்து 640-ல விட்டுட்டேன். திரும்ப ஒண்ணுல இருந்து. இந்த வேலையை வெளியில இருக்கிறவங்க கேட்டா சிரிப்பாங்க. எனக்கு அது பிடிச்சிருந்தது, ஏன்னு இன்னும் சொல்லத் தெரியல.

இப்ப ராவே முடிச்சுட்டு வந்திருக்கேன், கிராமத்துலயே தங்கிச் செய்யற களப்பயிற்சி. ஒரு நாள் கோயில் முன்னாடி தெருவுல கலர் கோலப்பொடியால ஊரோட வள வரைபடம் போட்டோம். தெரு, கிணறு, வாய்க்கால், பொதுக்கழிப்பிடம் எல்லாம் குறிச்சு, எங்களுக்கு ஒரே பெருமை. ஒரு பாட்டி குனிஞ்சு பார்த்துட்டு, நீலப்பொடியை ஒரு கை அள்ளி, ஏரிக்கு வடக்கால ஒரு கோடு இழுத்தாங்க. "இங்க ஒரு ஓடை வந்துச்சு கண்ணு. தூர்ந்துபோச்சு. அதான் இந்தப் பக்கத்துக் கிணறெல்லாம் வத்துது"ன்னாங்க. நாங்க பார்த்த எந்த மேப்புலயும் அந்த ஓடை இல்ல. பக்கத்துல நின்ன பெரியவங்க எல்லாம் ஆமா ஆமான்னாங்க. மழை வர்றதுக்குள்ள நான் அதைப் போட்டோ எடுத்து ரிப்போர்ட்ல முதல் பக்கமா வெச்சேன்.

சித்தி பொண்ணுக்கு என் பதில்: வேலை ரொம்ப அதிகம். நான் மாத்திக்க மாட்டேன்.

—

எம்.பி.பி.எஸ்., பயிற்சி மருத்துவர்

தங்கை எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. நாலரை வருடப் படிப்பை முடித்து, ஓராண்டு கட்டாயச் சுழற்சிப் பயிற்சியில் இருக்கிறேன். படிப்புச் சுமை பற்றி ஊரில் சொல்வதில் மிகையில்லை. மூன்று பொங்கலுக்கு வீட்டில் இல்லை. அண்ணன் நிச்சயதார்த்தத்தை வீடியோ காலில் பார்த்தேன்.

முதலாண்டில் சீனியர் அக்கா ஒருவர் தன் எலும்புப் பெட்டியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு அதற்கு முந்தைய சீனியர் கொடுத்தது. எலும்பின் மேல் தசை தொடங்கும் இடத்தைச் சிவப்பிலும் போய் ஒட்டும் இடத்தை நீலத்திலும் யாரோ பொறுமையாக வரைந்திருந்தார்கள். பல கை பட்டு நிறம் மங்கிய இடங்களில் நான் மறுபடி தீட்டினேன். விடுதிக் கட்டிலில் தோள்பட்டை எலும்பை வைத்துக்கொண்டு வலமா இடமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்த இரவுகள் நிறைய. அப்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கு "வைவாவுக்கு, வாய்மொழித் தேர்வுக்கு" என்பதுதான் பதில். கை ரத்தக்குழாய்கள் பற்றிய வைவாவில் செபாலிக் வெயின் எங்கே தொடங்கி எப்படிப் போகிறது என்று கிளிப்பிள்ளை போல ஒப்பித்தேன்.

போன மாதம் இரவுப் பணி. வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிப்போன ஒரு தாத்தா. புறங்கையில் நரம்பே தெரியவில்லை. "ரெண்டு பேரு குத்திப் பார்த்துட்டாங்க தாயி, உனக்காச்சும் ஆப்புடுதா பாரு" என்றார். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம், எலும்பை ஒட்டி விரலால் தடவினேன். கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்கு மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. ஊசியை இறக்கியதும் ரத்தம் ஏறி வந்தது. செபாலிக் வெயின். பயிற்சி மருத்துவர்களைக் காப்பாற்றும் நரம்பு என்று அதற்கு வார்டில் பெயரே உண்டு. சலைன் ஓட ஆரம்பித்ததும் தாத்தா தூங்கிவிட்டார். நான் இன்னும் பதினோரு பேருக்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது, ஆனாலும் அந்தக் கட்டில் அருகில் ஒரு நிமிடம் நின்றேன்.

—

பி.இ. மெக்கானிக்கல், முடித்து ஓராண்டு

எனக்குப் பிடிக்கல. அதையும் ஒருத்தர் சொல்லணும்ல.

மார்க் இருக்கு, எடுன்னு சொன்னாங்க, எடுத்தேன். கல்லூரிப் பேர் வேண்டாம். லேப்ல பாதி மெஷின் ஓடாது. ஓடாத மெஷினுக்கும் ரீடிங் வேணும், அதனால சீனியர் அப்சர்வேஷன் நோட்டைப் பார்த்து எழுதி, அதையே அழகா ரெக்கார்டுல எழுதி, கையெழுத்துக்கு வரிசையில நின்னு... வேலைன்னு பார்த்தா வாரம் முழுக்க வேலைதான். ஆனா எதையும் செஞ்ச மாதிரி இருக்காது. உடம்பு களைச்சிருக்கும், தூக்கம் வராது. அந்தக் களைப்பு வேற மாதிரி. நாலு அரியர் வந்து, நாலையும் எழுதி முடிச்சேன்.

ஒரே ஒரு விஷயம். முதல் வருஷ ஒர்க்ஷாப்ல ஃபிட்டிங். ஒரு இரும்புத் தகட்டுல "வி" மாதிரி பள்ளம், இன்னொண்ணுல அதுல உக்கார்ற மாதிரி முனை. அரத்தால ராவி ராவி ரெண்டையும் பொருத்தணும். அங்க இருந்த இன்ஸ்ட்ரக்டர் அண்ணா ரெண்டையும் சேர்த்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். நடுவுல வெளிச்சம் கசிஞ்சா திருப்பித் தந்துடுவார், ஒரு வார்த்தை பேச மாட்டார். மூணாவது தடவை என்னோடது கசியல. "ம்"னார். நாலு வருஷத்துல எனக்குக் கிடைச்ச பெரிய மார்க் அந்த "ம்"தான். இப்ப சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருக்கேன். அந்தத் தகடு ரெண்டும் இன்னும் வீட்ல இருக்கு.

தங்கச்சி, உன் சித்தி பொண்ணுகிட்ட காலேஜைப் போய் நேர்ல பார்க்கச் சொல்லு. லேப்ல மெஷின் ஓடுதான்னு பார்க்கச் சொல்லு.

—

பி.ஏ. தமிழ், மூன்றாம் ஆண்டு

எங்கள் படிப்புக்கு வேலையே இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். "தமிழா? கதை படிச்சா போதுமே" என்று சொந்த மாமா சொன்னார். ஒரு வெண்பாவைக் கையில் கொடுத்து அசை பிரிக்கச் சொன்னால் தெரியும். நேர், நிரை பிரித்து, தேமா புளிமா என்று வாய்பாடு எழுதி, மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்று தளை தட்டாமல் வந்து, கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டும். நானே முதன்முதலாக எழுதிய வெண்பா மூன்றாம் அடியில் தளை தட்டியது. சரிசெய்ய இரண்டு நாள் ஆயிற்று. பேருந்தில் நின்றுகொண்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன், நடத்துநர் அக்கா விசித்திரமாகப் பார்த்தார்.

காலை ஷிப்ட் கல்லூரி, மதியத்துக்கு மேல் துணிக்கடையில் வேலை. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாய் புத்தகத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் போகிறது. உரைநூல்களைப் படிக்க இரவு பத்துக்கு மேல்தான் நேரம். இந்த உழைப்பு யார் கண்ணுக்கும் படாது, ரெக்கார்டு நோட்டு மாதிரி தூக்கிக் காட்ட முடியாது.

ஆனால் கல்வெட்டியல் தாளுக்காக ஒரு பழைய சிவன் கோயிலுக்குப் போனோம். சுவரைத் தூரிகையால் துடைத்து, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் தாளை இறக்கி, கொஞ்சம் காய்ந்ததும் துணிப்பந்தில் மை தொட்டு ஒற்ற வேண்டும். மேடெல்லாம் கறுப்பாகி, எழுத்துகள் மட்டும் வெள்ளையாக எழுந்து வரும். பெரும்பாலும் புள்ளி இருக்காது. "க"வா "க்"கா, எகரமா ஏகாரமா, நாமே பொருள் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒரு வரியில் நான்கைந்து பேர் முட்டிக்கொண்டு நின்றோம். நான் மெதுவாகக் கூட்டி வாசித்தேன்: "சந்திராதித்தவல்". சந்திரனும் சூரியனும் உள்ளவரை. கோயிலில் ஒரு விளக்கு எரிய, நெய்க்காக யாரோ ஆடுகள் கொடுத்திருக்கிறார்கள். அன்று கடையில் அரைநாள் சம்பளம் பிடித்தார்கள். பிடித்துக்கொள்ளட்டும்.

—

யாழ்ப்பாணத்திலயிருந்து, கணிதம்

நானும் எழுதலாம்தானே? எங்கட கதை கொஞ்சம் வேற. 2020 ஏ.எல். (உங்கட பிளஸ் டூ மாதிரி) எழுதினனான். கம்பஸுக்குள்ள கால் வைக்க 2022 ஆயிட்டுது. அந்த வருசம் கரண்டும் இல்லை, பெற்றோலும் இல்லை. மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவங்கள்.

பள்ளிக்கூடத்தில கணக்கு எண்டா செய்யிறது. இங்க வந்தா நிறுவச் சொல்லினம். எப்சிலன், டெல்டா எண்டு முதல் லெக்சரில எழுதேக்க எனக்கு ஒரு சொட்டும் விளங்கேல்லை. அழுதனான். அப்பதான் சீனியர் அக்கா ஒராள் குப்பி எடுத்தவ. தெரியாத ஆக்களுக்கு: மேல் வருசக்காரர் கீழ் வருசக்காரருக்கு ஒரு சதமும் வாங்காமல் சொல்லிக் குடுக்கிற வகுப்புக்குத்தான் இலங்கைக் கம்பஸ்களில குப்பி எண்டு பேர். முந்தி குப்பி விளக்கைச் சுத்தி இருந்து படிச்சதால வந்த பேராம். நாங்கள் அந்த வருசம் உண்மையாவே விளக்கு வைச்சுத்தான் படிச்சனாங்கள். அக்கா சோக்கை வைச்சிட்டுச் சொன்னவ, "அவன் எப்சிலனைத் தருவான், நீ டெல்டாவைக் குடுக்கவேணும். எவ்வளவு சின்னனா அவன் கேட்டாலும் உன்னட்டக் குடுக்க ஒண்டு இருந்தால் நீ வெண்டிட்டாய்." அவ்வளவுதான். அண்டைக்கு இரவு பன்னிரண்டு கேள்வி செய்தனான்.

இப்ப நான் குப்பி எடுக்கிறன். சொந்தப் படிப்புக்கே நேரம் காணாது, ஆனாலும் விட மனமில்லை.

—

பிளஸ் டூ, உயிரியல்

அக்கா, நான் உங்க சித்தி பொண்ணு இல்ல, வேற ஆளு. எனக்கும் அக்ரி ஆசை. ஆனா வெயில் அவ்வளவா ஒத்துக்காது, வீட்டு வேலை தவிர ஒண்ணும் செஞ்சதில்ல. முடியுமா? லீவு கிடைக்குமா?

—

பி.எஸ்சி. வேளாண்மை, நான்காம் ஆண்டு

எல்லாருக்கும் நன்றி. மெக்கானிக்கல் அண்ணா, நீங்க சொன்னதை அப்படியே அவளுக்குப் படிச்சுக் காட்டிட்டேன். சனிக்கிழமை ரெண்டு காலேஜ் நேர்ல பார்க்கப் போறா.

கண்ணு, என் ரூம்ல இருந்த ரெண்டு பேரும் சிட்டிப் பொண்ணுங்க, சேத்துல கால் வெச்சதே இல்ல. முதல் நாள் நடவுல ஒருத்தி அப்படியே உக்காந்துட்டா. ரெண்டாவது மாசம் அவதான் எங்க எல்லாருக்கும் முன்னாடி வரப்புல நிப்பா. செமஸ்டர் நடுவுல லீவை நம்பாத, பயிருக்கு ஞாயித்துக்கிழமை தெரியாது. தொப்பியும் தண்ணி பாட்டிலும் எப்பவும் பையில இருக்கட்டும். சீட் கிடைச்சு வந்தா முழுக்கைச் சட்டை மூணு எடுத்துட்டு வா. நெல்லுச் சுணை பட்டா கையெல்லாம் ராத்திரி வரைக்கும் அரிக்கும், அரைக்கை போட்டுட்டு நான் பட்டது போதும்.