அப்டேட்: எச்.ஐ.வி. மாத்திரை மாத்தின பிறகு தூக்கமே வரலன்னு எழுதியிருந்தேன்ல

போன தடவை சொன்னதுதான், பல வருஷமா எச்.ஐ.வி.க்கு எஃபாவிரென்ஸ்ங்கிற மருந்து இருந்த மாத்திரை போட்டுட்டு இருந்தேன், ராத்திரி ஒரே பயங்கர கனவு, காலைல தலை சுத்தல், அதனால டோலுடெக்ராவிர்ங்கிற இன்னொரு எச்.ஐ.வி. மருந்துக்கு மாத்தினாங்க, கனவு நின்னுச்சு ஆனா ரெண்டு மணி வரைக்கும் ஃபேனையே பாத்துட்டு கிடந்தேன்.

டாக்டர்கிட்ட சொன்னதும் அவங்க கேட்ட முதல் கேள்வியே எப்ப போடுறீங்கன்னுதான். பழைய பழக்கத்துல படுக்கப் போறப்பதான் போட்டுட்டு இருந்தேன். காலைக்கு மாத்தச் சொன்னாங்க, பத்து நாள்ல தூக்கம் வந்துடுச்சு, நிஜமாவே அழுதுட்டேன்.

காலைக்கு மாத்தினதும் கால்சியம் மாத்திரை கூட மோதுச்சு. வெறும் வயித்துல ரெண்டையும் சேத்துப் போட்டா மருந்து உடம்புல சரியா ஏறாதாம். டோலுடெக்ராவிர் போட்டு 2 மணி நேரம் கழிச்சு கால்சியம், இல்ல கால்சியம் போட்டு 6 மணி நேரம் கழிச்சு இது. இரும்புச்சத்து மாத்திரை, மெக்னீசியம் இல்ல அலுமினியம் இருக்கிற அசிடிட்டி மருந்துக்கும் (ஆன்டாசிட்) இதே இடைவெளிதான், தயவுசெஞ்சு கவனிங்க.

அப்புறம் ரத்த டெஸ்ட்ல கிரியாட்டினின் (கிட்னி வெளியேத்துற கழிவு) கொஞ்சம் ஏறியிருந்துச்சு, கிட்னி போச்சுன்னே நினைச்சேன். டோலுடெக்ராவிர் கிரியாட்டினின் வெளியேறுறத மட்டும் கொஞ்சம் தடுக்கும், அதனாலயே ரிப்போர்ட்ல நம்பர் ஏறித் தெரியலாம்னு சொன்னாங்க, இருந்தாலும் கூடவே டெனோஃபோவிர்ங்கிற இன்னொரு எச்.ஐ.வி. மருந்தும் போடுறதால யூரின்ல புரோட்டீனும் பாத்தாங்க, நார்மல்.

எடை மட்டும் ஏறினது இறங்கல, நடக்க ஆரம்பிச்சிருக்கேன். வைரல் லோடு (ரத்தத்துல இருக்கிற வைரஸ் அளவு) இன்னும் கண்டறிய முடியாத அளவுலதான் இருக்கு. மாத்திரைய நிறுத்திடலாமான்னு கேட்டவங்களுக்கு, நான் ஒரு நாள்கூட நிறுத்தல, நீங்களும் டாக்டர்கிட்ட பேசாம நிறுத்திடாதீங்க. அடுத்த ரத்த டெஸ்ட் முடிஞ்சதும் எழுதுறேன்.