டோசாய் தடத்தில் ஒரு விடுமுறை நாள்: டோக்கியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் குடியேறும் நம்மவர்கள், முதல் சில மாத விடுமுறைகளை மளிகைக் கடையிலும் வீட்டிலுமாகக் கழித்துவிட்டு, ஃபுஜி மலைக்கும் கியோட்டோவுக்கும் போகப் பணம் சேரட்டும் என்று காத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. வேலைக்குச் சென்றுவர நீங்கள் வைத்திருக்கும் 'தெய்க்கி' என்ற பருவச்சீட்டைக் கொண்டு, அதன் எல்லைக்குள் உள்ள எந்த நிலையத்திலும், விடுமுறை நாளானாலும், கூடுதல் கட்டணமின்றி இறங்கி ஏறலாம். டோசாய் மெட்ரோ ரயில் தடத்தில் நகர மையத்துக்குச் செல்பவர்கள் நிஷி கசாயிலிருந்து நான்காவதாக வரும் மொன்சென் நகச்சோவில் ஒருநாள் இறங்கிப் பார்க்க வேண்டும்.

நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது ஃபுகாகவா ஃபுடோ கோயில். அங்கே நாள்தோறும் பலமுறை நடக்கும் 'கோமா' என்பது நம் ஹோமமேதான். சொல்லும் சடங்கும் இந்தியாவிலிருந்து சீனா வழியாக பௌத்தத்தோடு இங்கே வந்து சேர்ந்தவை. ஃபுடோ என்ற தெய்வத்தின் சமஸ்கிருதப் பெயர் அசலன், அதாவது அசையாதவன். 2011-இல் கட்டி முடிக்கப்பட்ட புதிய மண்டபத்தின் வெளிச்சுவர் முழுவதும் அவருடைய மந்திரம் 'சித்தம்' என்ற பழைய இந்திய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நம் தமிழ் எழுத்தைப் போலவே சித்தமும் பிராமியின் வழிவந்தது. இந்தியாவில் வழக்கொழிந்துபோன அந்த எழுத்தை ஜப்பானியத் துறவிகள் இன்றும் தூரிகையால் எழுதிப் பழகுகிறார்கள் என்பதை அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது. ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவை அங்கே அழைத்துச் சென்றேன். பெருமுரசுகள் ஒருசேர முழங்க, தீ எழும்பி, துறவிகள் மந்திரம் ஓதத் தொடங்கியதும், ஒரு சொல்கூட ஜப்பானியம் அறியாத அவர் தானாகவே கைகூப்பிக்கொண்டார்.

வேள்வியைக் காணக் கட்டணம் இல்லை. கால் மணி நேரம் முன்னதாகச் சென்று, காலணிகளைக் கழற்றிவிட்டு அமைதியாக அமருங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. முடிவில் பக்தர்கள் தங்கள் கைப்பைகளைக் கொடுத்துத் தீயின் மேல் காட்டி வாங்கிக்கொள்வார்கள், நீங்களும் கொடுக்கலாம். ஒவ்வொரு மாதமும் 1, 15, 28 ஆகிய தேதிகளில் கோயில் தெருவில் கடைகள் போடுவார்கள் என்பதால், முதல் வருகைக்கு அந்நாட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அருகிலேயே 1627-இல் நிறுவப்பட்ட தொமியோகா ஹச்சிமான் ஆலயம் இருக்கிறது; இது ஜப்பானின் சொந்த சமயமான ஷிண்டோவைச் சேர்ந்தது. அங்கே இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிந்து வணங்க வேண்டும்; பௌத்தக் கோயிலில் கைதட்டுவதில்லை. புதியவர்கள் குழப்பிக்கொள்ளும் இந்த வேறுபாட்டைப் பக்கத்துப் பக்கத்தில் பார்த்துப் பழக இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை.

சைவ உணவினர் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதாது. சோபா, உடோன் என்ற நூடுல்ஸ் வகைகள், மிசோ சூப் ஆகியவற்றின் அடிச்சாறான 'தாஷி' பெரும்பாலும் காயவைத்துச் சீவிய சூரை மீனிலிருந்து எடுக்கப்படுகிறது. எனவே 'கத்சுவோ தாஷி' இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பசியாற, அரிசி மாவுக்குள் இனிப்புப் பயறுப் பூரணம் வைத்த தைஃபுக்கு கிடைக்கும். கொழுக்கட்டை தின்று வளர்ந்த நாக்குக்கு அது அந்நியமாக இராது. தெருவில் குப்பைத்தொட்டி அரிது என்பதால், ஒரு சிறு பையைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

இந்த வழியில் ஆர்வம் பிறந்தால், அடுத்து உவேனோவின் தாமரைக் குளத்து நடுவே உள்ள பென்தென் கோயிலுக்குச் செல்லலாம். அங்கே குடியிருப்பவர் சரஸ்வதி. ஆனால் நான் முதலில் பரிந்துரைப்பது அசாகுசாவின் மத்சுச்சியாமா ஷோதென் கோயிலைத்தான். அங்குள்ள காங்கிதென் நம் பிள்ளையாரின் பௌத்த வடிவம். திருவுருவத்தை யாருக்கும் காட்டுவதில்லை. பக்தர்கள் வெள்ளை முள்ளங்கியைப் படைத்து வணங்குகிறார்கள். படைத்த முள்ளங்கியைப் பிரசாதமாக வருவோருக்குக் கொடுப்பதும் உண்டு. கிடைத்தால் இரு கைகளாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைய சாம்பாருக்கு அதுவே போதும்.