முரண்பாடா, உறுத்தலா? ‘காக்னிட்டிவ் டிசொனன்ஸ்’ சொல்லாக்கம்

அன்பர்களுக்கு வணக்கம்.

‘காக்னிட்டிவ் டிசொனன்ஸ்’ (cognitive dissonance) என்ற உளவியல் சொல்லுக்குத் தமிழில் ‘அறிதிறன் முரண்பாடு’ போதும் என்ற கருத்தை ஏற்கத் தயங்குகிறேன். முரண்பாடு ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு கூற்றுகளுக்கு இடையே கிடப்பது. அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் இச்சொல்லால் விளக்கியதோ, அந்த முரண்பாட்டால் மனத்தில் எழுந்து, தணித்தே தீர வேண்டும் என்று நச்சரிக்கும் அசௌகரியம். 1934 பீகார் நிலநடுக்கத்தின்போது அதிர்வை உணர்ந்தும் சேதமடையாத ஊர்களில், இதைவிடப் பெரிய அழிவு வருகிறது என்ற வதந்திகள் பரவியதே அவரை இவ்வழியில் சிந்திக்க வைத்தது: அச்சம் முதலில் வந்துவிட்டது; அதற்கேற்ற காரணத்தை மனம் பின்னர் தேடிக்கொண்டது.

என் அனுபவம் ஒன்று. சேலத்தில் ஒரு நாளிதழில் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று, தாம்பாளத்து மஞ்சள் நீரில் உலக்கை சாயாமல் நிற்கும் படம் வந்தது. அடிப்பூண் தட்டையாக இருந்தால் உலக்கை எந்த நாளிலும் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ஆயினும் படத்தை நீக்கவில்லை. ‘கிரகணத்தால் நின்றது’ என்பதை ‘கிரகணத்தால் நின்றதாகக் கூறப்படுகிறது’ என்று திருத்தினேன், மனம் அடங்கியது.

அந்தத் திருத்தத்துக்கு முந்திய அரை நிமிட நமைச்சலுக்கே நமக்குப் பெயர் வேண்டும். முரண்பாடு மறுநாள் அச்சிலும் அப்படியே இருந்தது, போனது உறுத்தல்தான். அதனால் ‘உறுத்தல்’ சொல்லுக்குள் வரவேண்டும். அறிவோடு சேர்த்தால் ‘அறிவுறுத்தல்’ ஆகிவிடும் (அதற்குப் பத்திரிகை அலுவலகங்களில் பஞ்சமில்லை). ஆகவே ‘முரணுறுத்தல்’ என்பதை முன்வைக்கிறேன்.

‘டிசொனன்ஸ்’ இசையிலிருந்து வந்த சொல் என்பதால், இணை, கிளை, நட்பு, பகை என நரம்புகளின் (சுரங்களின்) உறவைப் பகுத்த நம் பழந்தமிழ் இசை மரபிலிருந்து ‘எண்ணப்பகை’ என்று ஆக்கலாமே என்றும் யோசித்தேன். அழகான சொல்தான், ஆனால் இன்றைய வாசகர் அதை இருவருக்கிடையிலான விரோதம் என்றே கொள்வார். ‘காக்னிட்டிவ்’ விடுபடுகிறதே என்போருக்கு: ஃபெஸ்டிங்கர் அச்சொல்லால் குறித்தது ஒருவர் மனத்திலுள்ள அறிவு, கருத்து, நம்பிக்கை ஆகியவற்றை, ‘திறன்’ அங்கே எங்கும் இல்லை. தேவைப்படும் இடத்தில் ‘எண்ண முரணுறுத்தல்’ எனலாம்.

‘ராசிபலன் பக்கத்தையும் கவனிக்கும் அறிவியல் நிருபருக்கு நாளடைவில் முரணுறுத்தல் மழுங்கிவிடுகிறது.’ இவ்வாக்கியத்தில் பழைய சொல்லை இட்டுப் பார்த்துவிட்டு, மறுப்பிருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
அம்மாப்பேட்டை, சேலம்