வேலையை விட்டுப் போகிறவர்கள் லேப்டாப்பை எல்லாம் இமேஜ் எடுப்பது சரியா?

ராப்பறவை:
சென்னையில் நடுத்தர மென்பொருள் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். இனி ராஜினாமா செய்கிற ஒவ்வொருத்தர் லேப்டாப்பையும் கடைசி நாளில் ஃபாரன்சிக் இமேஜ் (டிஸ்க்கில் இருப்பதை அப்படியே பிரதி) எடுத்து ஒரு வருஷம் பூட்டி வைப்பார்களாம். சந்தேகம் இருந்தால்தான் என்றில்லை, எல்லோருக்கும். பத்து வருஷம் ராத்திரி பகல் உழைத்தவனுக்கு வழியனுப்பு விழா இதுதானா? ஆதரிக்கிறவர்கள் காரணம் சொல்லுங்கள்.

லாக்_லட்சுமி:
நான் ஆதரிக்கிறேன். என் பிழைப்பே இதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டனி லெவாண்டோவ்ஸ்கி வழக்கை எடுங்கள். கூகுளின் ஓட்டுநரில்லா கார் திட்டத்தில் பெரிய கை. அந்தத் திட்டமே பிறகு வேமோ என்ற தனி நிறுவனமானது. உபெர் மீது வேமோ போட்ட மனுப்படி, 2015 டிசம்பரில் 14,000-க்கு மேல் ஃபைல்கள், 9.7 ஜிபி, இறக்கினார். மெமரி கார்டு ரீடரைச் செருகினார். பிறகு லேப்டாப்பையே ஃபார்மட் செய்தார். 2016 ஜனவரியில் வேலையை விட்டார். அவர் தொடங்கிய ஆட்டோ (Otto) என்ற ஓட்டுநரில்லா லாரி நிறுவனத்தை அதே ஆகஸ்டில் உபெர் வாங்கியது. லேப்டாப்பைத் துடைத்தவரால் சர்வர் லாக்கை (யார் எப்போது எதை இறக்கினார் என்ற பதிவை) துடைக்க முடியவில்லை. 2018 பிப்ரவரியில் விசாரணையின் ஐந்தாம் நாளே உபெர் சுமார் 24.5 கோடி டாலர் பெறுமான பங்கைக் கொடுத்துச் சமாதானமாகப் போனது.

வக்கணை_வாசு:
மேடம், பாதிக் கதைதான் சொன்னீர்கள். அந்த சர்வர் எஸ்விஎன், அதாவது ஃபைல்களின் எல்லாப் பதிப்புகளையும் சேமித்து வைக்கும் மென்பொருள். அதில் செக்-அவுட் (பிரதி இறக்கும் கட்டளை) கொடுத்தால் மொத்தக் களஞ்சியமும் இறங்குவதுதான் வழக்கம். அதைப் பராமரித்த பொறியாளரே 14,000 என்ற எண்ணில் பெரிய அதிசயம் இல்லை என்கிற தொனியில் உள்ளுக்குள் மெயில் எழுதியது வழக்கில் வெளியே வந்தது.

கிரிமினல் பக்கம் பாருங்கள். 2019-ல் 33 குற்றச்சாட்டுகள். கடைசியில் அவர் ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்று, அதுவும் திட்டத்தின் வாராந்திர முன்னேற்றக் குறிப்பு ஃபைலுக்காக. 18 மாதத் தண்டனை, சிறைக்குப் போகுமுன்பே 2021 ஜனவரியில் டிரம்ப் மன்னிப்பு. ஃபைல் எதுவும் தன்னிடம் வரவில்லை என்றே உபெர் கடைசிவரை சொன்னது. எடுத்ததை லாக் காட்டும், அதை வைத்து என்ன செய்தார் என்று காட்டாது. வேமோவை உலுக்கியதும் லாக் இல்லை. சப்ளையர் ஒருவர் தவறுதலாக அனுப்பிய மெயிலில் இருந்த, வேமோவுடையதைப் போலவே தெரிந்த உபெரின் சர்க்யூட் போர்டு படம்.

லாக்_லட்சுமி:
அந்த மெயில் எப்போது வந்தது? 2016 டிசம்பரில். ஆள் போய்ப் பதினோரு மாதம். ராப்பறவை, உங்கள் ஆபீசில் பதினோரு மாதம் கழித்து அந்த லேப்டாப் எங்கே இருக்கும்? அடுத்த திங்கட்கிழமையே ஐடி ஆள் துடைத்துப் புதுப் பையனிடம் கொடுத்திருப்பார். சந்தேகம் வரும்போது சாட்சி இருக்காது. இமேஜ் கேட்பது அதற்குத்தான்.

வாசு சொன்ன எல்லை உண்மை, எங்களுக்கும் தெரியும். விண்டோஸ் தானாக 'காப்பி ஆனது' என்று எங்கும் எழுதி வைக்காது. பென் டிரைவின் சீரியல் எண்ணும், முதலில், கடைசியாகச் செருகிய நேரமும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேட்டில்) கிடைக்கும். அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்திருந்தால் விண்டோஸ் தானாக உருவாக்கும் எல்என்கே ஷார்ட்கட் ஃபைலில் அந்த டிரைவின் வால்யூம் எண் (அடையாள எண்) நிற்கும். இவற்றைச் சேர்த்து வைத்துத்தான் பேசுகிறோம். டிரைவ் கைக்கு வராமல் 'திருடினார்' என்று நான் ரிப்போர்ட்டில் எழுத மாட்டேன்.

கோர்ட்டுப்_புறா:
நம் ஊர் நிலவரம் இரண்டு வரி. வர்த்தக ரகசியத்துக்கென்று இங்கே தனிச்சட்டம் இல்லை. ஒப்பந்தம், அனுமதியில்லாமல் டேட்டா எடுப்பது பற்றிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் இவற்றை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பு (டேட்டா மாறினால் தானும் மாறிவிடும் டிஜிட்டல் கைரேகை) எழுத வேண்டும், நிபுணர் கையெழுத்தும் வேண்டும். ரைட் பிளாக்கர் (டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) இல்லாமல் ஐடி பையன் லேப்டாப்பைத் திறந்து நாலு ஃபோல்டரைக் கிளறிவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு தீபாவளி.

வக்கணை_வாசு:
போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்ற ஷரத்து ஒப்பந்தச் சட்டம் 27-ன்படி செல்லாது. அதனால் 'டேட்டா எடுத்திருக்கிறாய், இமேஜ் எங்களிடம் இருக்கிறது' என்று சொல்லி ரிலீவிங் லெட்டரை இழுத்தடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். கோர்ட்டுக்குப் போகிற எண்ணமே அவர்களுக்குக் கிடையாது, பயமுறுத்தினால் போதும்.

ராப்பறவை:
என் பயமும் அதுவே. அந்த இமேஜில் என் பேங்க் ஸ்டேட்மென்ட், அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் போகும்.

லாக்_லட்சுமி:
ஆபீஸ் லேப்டாப்பில் அதை ஏன் வைத்தீர்கள் என்று கேட்க மாட்டேன், எல்லோரும் வைக்கிறோம். இமேஜை என்க்ரிப்ட் செய்து, ஹாஷ் குறித்து, சாவியை வெளி வக்கீலிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எழுத்துப்பூர்வப் புகார் இல்லாமல் திறக்கக்கூடாது. திறந்தாலும் புகாருக்குரிய ஃபைல்களை மட்டும் தேட வேண்டும். முன்கூட்டியே கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும்.

வக்கணை_வாசு:
வெளி வக்கீலுக்குப் பணம் கட்டுவது யார் மேடம், அதே முதலாளிதானே?

லாக்_லட்சுமி:
ஆமாம். ஆனால் திறந்ததற்குத் தேதியோடு பதிவு இருக்கும். இப்போது அதுவும் இல்லை.

ராப்பறவை:
கொள்கை வரைவை இன்று கேட்டு வாங்கிப் படித்தேன். சாவி ஐடி மேனேஜரிடம். இன்னொன்று, வைஸ் பிரசிடென்ட் முதல் மேலே இருப்பவர்களுக்கு இமேஜ் கிடையாதாம்.

கோர்ட்டுப்_புறா:
லெவாண்டோவ்ஸ்கி உங்கள் கம்பெனியில் இருந்திருந்தால் விலக்கு கிடைத்திருக்கும் என்கிறீர்கள். இதை அப்படியே எச்ஆருக்கு மெயிலில் எழுதுங்கள், வாயால் சொல்லாதீர்கள்.