டபிள்யூ.டபிள்யூ. டிஜி போட்டி: எஃப்.டி.4, எஃப்.டி.8 அமைப்பில் சில சந்தேகங்கள்

வைகைத்தென்கரை:
வணக்கம். ஆகஸ்ட் கடைசி வார இறுதியில் வரும் டபிள்யூ.டபிள்யூ. டிஜி என்ற அமெச்சூர் ரேடியோ (ஹாம்) போட்டியில் தனியாளாக, 100 வாட் பிரிவில் இறங்க எண்ணம். இடம் மதுரை. 9 மீட்டர் கம்பத்தில் 20, 15, 10 மீட்டர் அலைவரிசைகளுக்கான (பேண்ட்) ஃபேன் டைபோல் ஆண்டெனா, 40 மீட்டருக்குத் தனி இன்வர்ட்டட் வீ ஆண்டெனா. ரிக் எனும் வானொலிக் கருவிக்குள்ளேயே யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு இருக்கிறது. டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் மென்பொருளில் சாதாரண எஃப்.டி.8 (எஃப்.டி.4 போலவே குறுஞ்செய்தி அனுப்பும் டிஜிட்டல் மோட்) சிக்கலின்றி ஓடுகிறது. கேள்விகள்:

1. சிக்னல் ரிப்போர்ட்டுக்குப் பதில் கிரிட் (இருப்பிடக் குறியீடு) மட்டும் போக எதை மாற்ற வேண்டும்?
2. எஃப்.டி.4-ஆ, எஃப்.டி.8-ஆ?
3. 10 மீட்டரில் 60 வாட் தாண்டினால் யூ.எஸ்.பி. இணைப்பு அறுந்து, ரிக் கணினிவழிக் (கேட்) கட்டுப்பாட்டை இழக்கிறது. ஏன்?

ஆண்டெனாக்கிறுக்கன்:
முதல் கேள்வி சுலபம். செட்டிங்ஸ் → அட்வான்ஸ்டு போய் "ஸ்பெஷல் ஆபரேட்டிங் ஆக்டிவிட்டி"யைத் தேர்ந்து, "டபிள்யூ.டபிள்யூ. டிஜி கான்டெஸ்ட்"டில் புள்ளி வையுங்கள். ஃபைல் மெனுவில் பழைய கேப்ரில்லோ லாக்கை (தொடர்புப் பதிவேடு) ரீசெட் செய்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் போன வார சோதனைத் தொடர்புகளும் லாக்கில் ஏறிக்கொள்ளும்.

இந்த முறையில் ஒரு தொடர்புக்கு நான்கே செய்திகள்: நீங்கள் சி.க்யூ. (பொது அழைப்பு), அவர் தன் கிரிட், நீங்கள் "ஆர்" சேர்த்து உங்கள் கிரிட், அவர் ஆர்.ஆர்.73 (கிடைத்தது, விடைபெறுகிறேன்). எஃப்.டி.8-ல் ஒரு சுற்று 15 வினாடி, ஆக நான்குக்கும் ஒரு நிமிடம். எஃப்.டி.4-ல் 7.5 வினாடிச் சுற்று, அரை நிமிடம். எல்லாம் முதல் முறையிலேயே டிகோட் ஆனால் மணிக்கு 60-ம் 120-ம் உச்சவரம்பு. நடைமுறையில் பாதிகூடக் கிடைக்காது என்றாலும் விகிதம் அப்படியேதான் இருக்கும்.

எஃப்.டி.8 சிக்னல் சுமார் −21 டி.பி. (இரைச்சலோடு ஒப்பிட்ட அளவு) வரை டிகோட் ஆகும், எஃப்.டி.4 −17.5 வரைதான். எனவே பேண்ட் நன்றாகத் திறந்திருக்கும்போது 4. திரையில் வரும் எண்கள் பெரும்பாலும் −15-க்குக் கீழே போனால் 8-க்கு மாறுங்கள். ஒரே பேண்டில் ஒருவரை ஒரு முறைதான் கணக்கில் எடுப்பார்கள், மோட் மாற்றி மீண்டும் பிடித்தாலும் பயனில்லை.

அனுப்பும் அலைவெண்ணை நிலையாக வைக்கும் "ஹோல்ட் டி.எக்ஸ். ஃப்ரீக்"கைத் தட்டிவிட்டு, வாட்டர்ஃபாலில் (சிக்னல்களைக் காட்டும் திரை) காலியான இடத்தில் நில்லுங்கள். சி.க்யூ. அழைப்பவரின் தலைமேலேயே போய் உட்கார்ந்து அழைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அங்கே ஏற்கெனவே பத்துப் பேர் குவிந்திருப்பார்கள்.

செம்புக்கம்பி:
மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். முதலில் டைபோலைக் கழற்றி டம்மி லோடு (ஆண்டெனாவுக்குப் பதிலான மின்தடை) மாட்டி 10 மீட்டரில் 100 வாட் விட்டுப் பாருங்கள். அப்போதும் யூ.எஸ்.பி. அறுந்தால் கேபிள், பவர் சப்ளை, எர்த் இவற்றில் ஒன்று. டம்மி லோடில் அமைதியாக இருந்தால், கோ-ஆக்ஸ் கேபிளின் வெளி உறை வழியாக ஆர்.எஃப். (வானொலி அலைவெண் மின்னோட்டம்) நிலைய அறைக்குள் வருகிறது. மருந்து இரண்டு இடத்தில்: டைபோலின் ஃபீட் பாயிண்டில் எஃப்.டி.240-31 ஃபெரைட் வளையத்தில் கோ-ஆக்ஸை 10 சுற்று, யூ.எஸ்.பி. கேபிளை 1 மீட்டருக்குள் சுருக்கி, அதையும் மிக்ஸ் 31 (அதே ஃபெரைட் வகை) வளையத்தில் 8 சுற்று. ஒட்டும் கிளிப் ஃபெரைட்டில் ஒரே ஒரு முறை நுழைத்துவிட்டு "போட்டுப் பார்த்தேன், பயனில்லை" என்பவர்கள் அதிகம். சுற்றின் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் தடை கூடும்.

அதோடு 100 வாட்டிலேயே நிற்கத் தேவையில்லை. எஃப்.டி.8 ஒவ்வொரு சுற்றிலும் 12.64 வினாடி முழு வீச்சில் அனுப்புகிறது. 24 மணி நேரப் போட்டியில் 50 வாட் வைத்தால் இழப்பு 3 டி.பி.தான், ரிக்கின் ஃபைனல்ஸ் (கடைசி ஆம்ப்ளிஃபயர் டிரான்சிஸ்டர்கள்) பிழைக்கும்.

ஆடியோ: டேட்டா மோட், கம்ப்ரஷன் அணைப்பு, நாய்ஸ் பிளாங்கர் அணைப்பு, ஃபில்டர் 3 கிலோஹெர்ட்ஸ் அகலம். மென்பொருளின் வலது ஓரத்து பி.டபிள்யூ.ஆர். (பவர்) ஸ்லைடரை, ரிக்கின் ஏ.எல்.சி. (தானியங்கி அளவுக் கட்டுப்பாடு) முள் அசையாத இடம்வரை இறக்குங்கள். ஏ.எல்.சி. ஆடினால் உங்கள் டோனுக்குப் பக்கத்திலேயே நிழல் டோன்கள் முளைக்கும், அக்கம்பக்கத்தார் சாபம் நிச்சயம். ஸ்பிளிட்டை (அனுப்பும் அலைவெண்ணைத் தனியாக வைக்கும் அமைப்பு) "ரிக்" அல்லது "ஃபேக் இட்" என்று வையுங்கள். ஆடியோ 1500-க்கும் 2000 ஹெர்ட்ஸுக்கும் நடுவிலேயே நிற்கும், ஹார்மானிக் எல்லாம் ஃபில்டருக்கு வெளியே விழும்.

கடிகாரத்தையும் பாருங்கள். விண்டோஸின் இயல்பான நேர ஒத்திசைவு போதாது, என்.டி.பி. (இணையவழி நேர ஒத்திசைவு) மென்பொருள் ஒன்று போடுங்கள். டி.டி. (நேர வேறுபாடு) பத்தியில் எல்லோருக்கும் +1.0 என்று வந்தால் அவர்கள் தாமதம் இல்லை, உங்கள் கடிகாரம் ஒரு வினாடி முந்துகிறது.

பாக்குநீரிணை:
இந்தப் போட்டியின் புள்ளிக் கணக்கை யாரும் தொடவில்லையே. ஒரு தொடர்புக்கு 1 புள்ளி, தூரத்தில் ஒவ்வொரு 3000 கிலோமீட்டருக்கும் கூடுதலாக 1. மதுரையிலிருந்து டெல்லி 1, ஜகார்த்தா 2, டோக்கியோ 3, ஜெர்மனி 3, நியூயார்க் 5. பெருக்கி என்பது கிரிட்டின் முதல் இரண்டு எழுத்து, அதாவது ஃபீல்டு, பேண்டுக்கு ஒரு முறை. மொத்தப் புள்ளி × மொத்த ஃபீல்டு.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. வடக்கு 10 பாகையும் கிழக்கு 80 பாகையும் கோடியக்கரைக்குத் தெற்கே கடலில் வெட்டிக்கொள்கின்றன. அதனால் மதுரை எம்.ஜே.99, திருச்சி எம்.கே.90, சென்னை என்.கே.03, யாழ்ப்பாணம் என்.ஜே.09. நான்கும் நான்கு ஃபீல்டு! ஒரு புள்ளிதானே என்று உள்ளூர் நிலையங்களை ஒதுக்காதீர்கள். 40 மீட்டரில் இவை நான்கு பெருக்கி. செங்கல்பட்டுப் பக்கம் இருப்பவர்கள் தங்கள் கிரிட்டைச் சரிபார்க்கவும். அந்த ஊர் எம்.கே.92, சென்னை நகரத்தின் என்.கே. அல்ல.

நேரம்: சனி 1200 யூ.டி.சி. முதல் ஞாயிறு 1159 வரை, நமக்கு சனி மாலை 5:30-க்குத் தொடக்கம். பொதுவாக மாலையில் 15, 10-ல் ஐரோப்பா, இருட்டியபின் 20. நள்ளிரவுக்குப் பின் 40. சூரியன் உதிக்கும் வேளையில் 20-ல் வட அமெரிக்கா, அந்த 5 புள்ளித் தொடர்புகளுக்காகத் தூக்கத்தை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். காலை 15-ல் ஜப்பான், ஆஸ்திரேலியா. ஆகஸ்ட் இடிமழை நாட்களில் 80 மீட்டர் இரைச்சலோடு மல்லுக்கட்ட வேண்டாம். மின்னல் தெரிந்தால் கோ-ஆக்ஸைக் கழற்றி வெளியே போடுங்கள்.

வைகைத்தென்கரை:
நன்றி. டம்மி லோடில் அறுபடவில்லை, ஆக கோ-ஆக்ஸ் உறைதான். இன்னொன்று: "லாக்கில் இல்லை" என்று தொடர்புகள் வெட்டப்படுவது எதனால்?

ஆண்டெனாக்கிறுக்கன்:
பெரும்பாலும் கடைசிச் செய்தியால். எதிர்முனையின் சி.க்யூ.வுக்குப் பதில் கொடுத்தவர் நீங்கள் என்றால், ஆர்.ஆர்.73 அனுப்பியதும் உங்கள் பக்கம் லாக் ஆகிவிடும். அது அவருக்கு டிகோட் ஆகாவிட்டால் அவர் "ஆர்" கிரிட்டையே மீண்டும் அனுப்புவார். அந்த நேரத்தில் நீங்கள் அடுத்தவரைத் துரத்திப் போயிருந்தால், உங்கள் லாக்கில் உண்டு, அவர் லாக்கில் இல்லை. ஆகவே ஆர்.ஆர்.73-க்குப் பிறகு ஒரு சுற்று காத்திருங்கள். அவர் மறுபடி சி.க்யூ. போட்டால் முடிந்தது. "ஆர்" வந்தால் அந்த வரியை இரட்டைச் சொடுக்குச் செய்து ஆர்.ஆர்.73-ஐ மீண்டும் அனுப்புங்கள்.

கால்சைனில் (நிலைய அழைப்புக் குறி) சாய்கோடு இருந்தால் பெரும்பாலும் போட்டிச் செய்திக்குள் அடங்காது, சாதாரண கால்சைனிலேயே இறங்குங்கள்.

செம்புக்கம்பி:
ஒரு கொசுறு. செப்டம்பர் கடைசி வார இறுதியில் சி.க்யூ. டபிள்யூ.டபிள்யூ. ஆர்.டி.டி.ஒய். (ரேடியோ டெலிடைப்) போட்டி வரும். இதே ரிக் போதும், ஆனால் பழக்கம் தலைகீழ்: ஏ.எஃப்.எஸ்.கே. (ஆடியோ டோன் வழி அனுப்பும் முறை) என்றால் எல்.எஸ்.பி. (கீழ் சைட்பேண்ட்), டோன் 2125-ம் 2295-ம் ஹெர்ட்ஸ், ஃபில்டர் 500 ஹெர்ட்ஸ், பரிமாற்றம் 599 என்ற சிக்னல் ரிப்போர்ட்டும் நம் மண்டல எண்ணான ஜோன் 22-ம். எதிர்முனை வெறும் குப்பை எழுத்தாக வந்தால் சைட்பேண்ட் மாறியிருக்கிறது. கணினி தானாக எதையும் செய்து தராது, கண்ணால் படித்து விரலால் பிடிக்க வேண்டும். எனக்கு அதுதான் போட்டி. எஃப்.டி. ரசிகர்கள் அடிக்க வரவேண்டாம்.