ரீப்பர்ல எடிட்டிங்: மவுஸா, கீபோர்டா? மணிக்கட்டு போயிடும் போல

மிருதங்கப்பித்தன்:
வணக்கம் மக்களே. எஃப்எல் ஸ்டுடியோங்கற மியூசிக் சாஃப்ட்வேர்ல ஆறு வருஷம் ஓட்டுனவன் நான், அதுல எனக்கு எல்லாமே மவுஸ்தான், பியானோ ரோல்ல இடது கிளிக்ல நோட்டு போடு, வலது கிளிக்ல அழி, தூக்கத்துல கூட பண்ணுவேன். இப்போ வீட்லயே மிருதங்கமும் வாய்ப்பாட்டும் ரெக்கார்ட் பண்ண ஆரம்பிச்சு ரீப்பர்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்கு மாறி மூணு மாசம் ஆகுது. நாலு நிமிஷ பாட்டு ஒண்ணு, ஏழு டேக், அதுல நல்லது பொறுக்கி, மூச்சு சத்தத்த எடுத்து, தப்பா விழுந்த அடிய நகத்தி வைக்கன்னு நேத்து ராத்திரி உக்காந்தேன், கர்சர வை, ரைட் கிளிக் பண்ணு, மெனுவுல ஸ்ப்ளிட்ட (வெட்டுறது) தேடு, மறுபடி கர்சர வை, இப்படியே மூணு மணி நேரம். காலைல எழுந்தா வலது மணிக்கட்டு மடங்கல. அந்த கைதான் மிருதங்கத்தோட வலது பக்கம், வலந்தலைக்கு வேணும் எனக்கு!

தெரிஞ்ச ஒரு இன்ஜினியர் அண்ணன் "மவுஸ தொட்டா விரல ஒடிச்சிருவேன்"னு சொல்றாரு. இந்த வயசுல உக்காந்து ஷார்ட்கட் மனப்பாடம் பண்றது நிஜமாவே பிரயோஜனமா, இல்ல சும்மா கெத்துக்கா?

பழைய கன்சோல்:
தம்பி, முதல்ல எஸ் கீ. கர்சர் எங்க நிக்குதோ அங்க வெட்டும், மெனு பக்கமே போக வேண்டாம். அடுத்தது டேப் கீ. ஐட்டத்த (ட்ராக்ல இருக்கிற ஆடியோ துண்ட) செலக்ட் பண்ணிட்டு டேப் தட்டினா கர்சர் அடுத்த அடிக்கு தானா தாவும், மிருதங்கத்துக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கும், டேப், எஸ், டேப், எஸ்னு போயிட்டே இருக்கலாம். ஆனா ஒண்ணு, வலந்தலைல விழுற "நம்" மாதிரி சுருக்குன்னு வர்றத நல்லா பிடிக்கும், தொப்பி பக்கம், அதாவது இடது பக்கம் "தொம்"னு உருண்டு வர்றதுல தடுமாறும், அங்க டிரான்சியன்ட் சென்சிடிவிட்டிய (அடி ஆரம்பிக்கிற இடத்த எவ்ளோ நுணுக்கமா பிடிக்கணும்ங்கறத) ஏத்தி இறக்கி பாரு, அப்பவும் பிடிக்கலன்னா கண்ணால பாத்து கையால வெட்டு. வெட்டுறப்ப அடிக்கு ஒரு மயிரிழை முன்னாடியே வெட்டிடு, இல்லன்னா வெட்டுன இடத்துல சத்தத்த மெல்ல ஏத்துற ஃபேட் வந்து அடியோட தலைய தின்னுடும்.

ஆர் கீ பத்தி மட்டும் எச்சரிக்கை. நான் லாஜிக்ங்கற சாஃப்ட்வேர்ல வளந்தவன், அதுல ஆர் தட்டினா ரெக்கார்ட். ரீப்பருக்கு வந்த புதுசுல ஒரு பெரியவர் பாட வந்திருந்தார், பல்லவி ஏற்கனவே எடுத்தாச்சு, பாட்ட ஓடவிட்டு சரணம் ஆரம்பிக்கிற இடத்துல ஸ்டைலா ஆர தட்டினேன், அவரும் கண்ண மூடி உருகி பாடி முடிச்சார், பாத்தா ட்ராக் காலி. ரீப்பர்ல ஆர்னா ரிப்பீட் ஆன் பண்றது, ரெக்கார்டுக்கு கண்ட்ரோல் ஆர். அவர் முகத்த பாக்க முடியாம "டீ சொல்லட்டுமா சார்"னு வெளிய ஓடிட்டேன். ரெண்டாவது டேக் நல்லாத்தான் பாடினார், ஆனா அந்த முதல் டேக் மாதிரி இல்ல.

வெறும்_மவுஸ்:
எல்லாரும் டைம் மிச்சம் டைம் மிச்சம்ங்கறீங்க, நான் கணக்கு போட்டு பாத்தேன். ஒரு பாட்டுல 400 வெட்டுன்னு வைங்க, ஒரு வெட்டுக்கு 2 செகண்ட் மிச்சம்னா 800 செகண்ட், 13 நிமிஷம் சொச்சம். இதுக்கா இவ்ளோ பில்டப்பு? ஆப்பிள்ல இருந்த புரூஸ் டோக்னசினி 1989லயே எழுதினார், ஆளுங்களுக்கு கீபோர்டுதான் வேகம்னு தோணும், ஸ்டாப்வாட்ச் வச்சு பாத்தா மவுஸ்தான் ஜெயிக்குதுன்னு. அதோட ஆட்டோமேஷன் வளைவு (பாட்டு ஓட ஓட வால்யூம் மாதிரி தானா மாறுறதுக்கான கோடு) கீபோர்டுல வரைவீங்களா? சுருதிய திருத்துற பிட்ச் எடிட்டர்ல ஒரு கமகத்த தொடணும்னா அந்த ஒரு நோட்ட நாலா பிரிச்சு ஒரு துண்ட மட்டும் இம்மியா நகத்தணும், கண்ணும் காதும் மவுஸும் சேந்து பண்ற வேலை அது. மொத்தமா நேராக்கினா காம்போதி ராகம் கூட கீபோர்டு டெமோ மாதிரி ஆயிடும்.

பழைய கன்சோல்:
வளைவுக்கு மவுஸ்தான், யார் இல்லன்னா. கண்ட்ரோல அமுக்கிட்டு வால்யூம் ஃபேடர இழுத்தா பொடிப்பொடியா நகரும், அதுவும் மவுஸ்தான். ஆனா டோக்னசினி சொன்னது மெனு கட்டளைய யோசிச்சு ஞாபகப்படுத்தி தட்டுற கதைக்கு. ஒரே எஸ்ஸ 400 தடவை தட்டுறவன் எங்கப்பா யோசிக்கிறான்? எனக்கு லாபம் 13 நிமிஷத்துல இல்ல, மெனுவ தேடுறப்ப கண்ணு ஸ்கிரீன்ல இருக்கிற ஒலி அலைல இருந்து விலகுது, காதும் கூடவே விலகுது, திரும்பி வந்தா முந்தின டேக் எப்படி இருந்துச்சுன்னே மறந்துடுது.

செவியே_துணை:
இந்த சண்டைய படிக்க சிரிப்பா இருக்கு, ஏன்னா எனக்கு சாய்ஸே கிடையாது. பார்வை இல்லாதவன் நான், மவுஸ் என் மேஜைலயே இல்ல. ரீப்பர் கூட ஸ்கிரீன்ல இருக்கிறத வாய்விட்டு படிக்கிற என்விடிஏ ஸ்கிரீன் ரீடரும், ரீப்பர அதோட பேச வைக்கிற ஓசாரான்னு ஒரு இலவச எக்ஸ்டென்ஷனும் போட்டிருக்கேன். அப் ஆரோ, டவுன் ஆரோ தட்டினா ட்ராக் பேரு சொல்லும், மியூட்ல இருக்கா, ரெக்கார்டுக்கு ஆர்ம் (தயார்) ஆகியிருக்கான்னும் சொல்லும். என்விடிஏவ உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான ஜேம்ஸ் டே தான் ஓசாராவையும் ஆரம்பிச்சவர், அதனால ரெண்டும் நல்லா ஒத்துப்போகுது.

பித்தன், உங்களுக்கு ஒரு விஷயம் சொல்றேன். மனப்பாடம் பண்ணாதீங்க. கேள்விக்குறி கீ தட்டினா ஆக்‌ஷன் லிஸ்ட் வரும், ரீப்பர் செய்யற வேலை எல்லாம் அதுல ஆயிரக்கணக்குல இருக்கும், பயந்துடாதீங்க. உங்க வேலைல திரும்பத் திரும்ப வர்றத மட்டும் தேடி உங்க விரலுக்கு வாகான கீய நீங்களே குடுங்க. டேப்பும் எஸ்ஸும் தனித்தனியா எதுக்கு, ரெண்டையும் சேத்து ஒரு கஸ்டம் ஆக்‌ஷன் ஆக்கி ஒரே கீல வச்சுக்கலாம், அதுவும் இடது கைக்கு. எனக்கு மொத்தமா முப்பது கீ தெரியும், அதுல பதினஞ்சு நான் வச்சதுதான். அப்புறம் அந்த ஆர் கீ சமாச்சாரம், ஓசாராவுல ஷார்ட்கட் ஹெல்ப்னு ஒண்ணு இருக்கு, அத ஆன் பண்ணிட்டு எந்த கீய தட்டினாலும் வேலைய செய்யாம அந்த கீ என்ன பண்ணும்னு மட்டும் வாயால சொல்லும். பெரியவரோட சரணம் தப்பிச்சிருக்கும்.

கடலோரம்:
நான் கியூபேஸ் எண்ட ரெக்கோடிங் மென்பொருள் பாவிக்கிறன். அதில நம்பர் பாட்டில நட்சத்திரம் தட்டினா ரெக்கோட், என்டர் பிளே, சைபர் ஸ்டொப். லப்டொப்பில நம்பர் பாட் இல்லை, தனிய இருந்து பாடி நானேதான் ரெக்கோட் பண்ணுறன், ஒவ்வொரு முறையும் மைக்கடியில இருந்து மேசைக்கு ஓடி வந்தா மூச்சு வாங்குதே. வயர்லெஸ் நம்பர் பாட் ஒண்டு வாங்கி மைக் ஸ்டாண்டில டேப் போட்டு ஒட்டினன், தட்டுற நேரம் "டொக்" எண்டு ஸ்டாண்ட் வழியா மைக்குக்குள்ள ஏறிட்டுது. இப்ப பக்கத்தில ஒரு கதிரையில வச்சிருக்கிறன், பிரச்சினை இல்லை.

இன்னொண்டு, தமிழில பாட்டு வரி டைப் பண்ணிப்போட்டு அப்பிடியே எடிட்டுக்கு வந்தீங்களெண்டா தமிழ்99 கீபோர்ட் ஓனிலதான் கிடக்கும், எஸ் தட்டினா "இ" எண்டுதான் கம்ப்யூட்டருக்கு விளங்கும். மென்பொருள் பழுதாப் போச்செண்டு நான் அரை நாள் அழிச்சுத் திரும்ப இன்ஸ்டோல் பண்ணினனான்.

மிருதங்கப்பித்தன்:
எல்லாருக்கும் நன்றி. செவியே துணை சார், நீங்க சொன்ன மாதிரி டேப்பையும் எஸ்ஸையும் சேத்து இடது கை பக்கம் கியூ கீல வச்சிட்டேன். நேத்து அதே பாட்டோட மிருதங்க ட்ராக்க முடிச்சேன், கமகம் இருக்கிற ரெண்டு வரிய மட்டும் மவுஸ்ல பண்ணேன். டைம் பெருசா குறையல, வெறும் மவுஸ் அண்ணன் சொன்னது சரிதான். ஆனா காலைல எழுந்து சாதகம் பண்ணேன், வலது கை மடங்குது. இப்போ இடது கை சுண்டு விரல் லேசா குத்துது, அதுக்கு தனி த்ரெட் போடவா?

வெறும்_மவுஸ்:
போடுங்க, காத்துட்டு இருக்கேன்.